பதினேழு எழுத்தில் ஒரு நாள்: வீட்டில் ஹைக்கூ எழுதச் சில குறிப்புகள்

1. தனிக் கொப்பி வேண்டாம். கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். திகதியும் அதிலேயே இருக்கும். பேனையைச் சமையலறையில் கட்டித் தொங்கவிடுங்கள். கறி கொதிக்கும்போது தோன்றியது, சாப்பிட்டு எழும்பியதும் மறந்துபோகும்.

2. ஐந்து, ஏழு, ஐந்து: மொத்தம் 17. ஜப்பானியர் ஓசைக்கூறுகளை எண்ணுகிறார்கள். தமிழில் அதற்குக் கிட்டிய வழி, புள்ளி வைத்த எழுத்துகளை விட்டு மற்றவற்றை எண்ணுவது. நம் கட்டளைக் கலித்துறைக்கும் இதே கணக்குத்தான்: அடி நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்:

செவ்வாய்க் கிழமை
மெழுகுதிரி வாசம்
பஸ்ஸின் உள்ளேயும்

முதற்சொல்லில் செ, வா இரண்டுதான் கணக்கில் வரும். அந்தோனியார் கோயிலைப் பெயர் சொல்லத் தேவையில்லை. கொழும்பு கொச்சிக்கடையில் செவ்வாய் என்றாலே அவர் நாள் என்று தெரியும்.

3. எழுத்துக் கூடினால் ‘மிக’, ‘அழகிய’, ‘சோகமான’ போன்றவற்றை முதலில் வெட்டுங்கள். அதன்பிறகும் ஒன்று மிஞ்சினால் இருக்கட்டும். தமிழில் ஹைக்கூ எழுதும் பலர் எண்ணுவதே இல்லை.

4. ஹைக்கூவுக்கு ஒரு பருவச்சொல் வேண்டும். அதற்காகப் பனியையும் இலையுதிர்காலத்தையும் தேடாதீர்கள். வெசாக் கூடு, ஜூன் 13 அந்தோனியார் திருநாள், ஆடிவேல் தேர், ஐப்பசிப் பின்னேரத்து இடி: ஏதாவது ஒன்று போதும்.

5. மீன் விலை, மாமியார், ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஆட்டோப் பேரம் எல்லாம், இதே 17இல் மனிதரைப் பாடும் சென்ரியுவுக்கு உரியவை. அதற்குப் பருவச்சொல் வேண்டாம். கராய் சென்ரியு (1718–1790) தேர்ந்தெடுத்த பாடல்களால் அவர் பெயரே இந்த வகைக்கு நின்றுவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய நம் தெருக்களுக்கு இதுவே கூடப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

6. ‘அமைதி’ என்று எழுதாதீர்கள். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல், உள்ளங்கையில் எப்படிக் குளிர்ந்தது என்று எழுதுங்கள்.

7. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளை எழுத வேண்டும் என்று பலருக்கு மனதில் இருக்கும். அவசரம் வேண்டாம். இரத்தம், கண்ணீர் என்ற சொற்கள் இல்லாமல், போனவர் வீட்டில் அதே ஆணியில் தொங்கும் குடையை மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

8. வாசிக்க: பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய கட்டுரை, மலையக வாழ்வைப் பாடும் சு. முரளிதரனின் ‘கூடைக்குள் தேசம்’.

9. எழுதியதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டார் சொல்லை மாற்றினால் மாற்றட்டும். ஹைக்கூவே பலர் கூடிப் பாடிய தொடர்கவிதையின் முதற்பாவாக இருந்து பிரிந்து வந்ததுதான்.