பில்லில் மட்டும் மாறிய பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் மாற்றியதற்கான பில் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சீல் உண்டு, கையெழுத்து உண்டு, ஜிஎஸ்டி உண்டு. ஆயில் மட்டும்தான் மாறவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பம்பர், இரண்டு ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட் செலவானது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ரோட்டிலும் டிராக்கிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும், வண்டியை ஓட வைக்கச் செலவு செய்வதற்கு முன்னால் நிற்க வைக்கச் செலவு செய்யுங்கள். அந்தச் செலவு வண்டிக்குள் போனதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாங்கியது சரிதான்

நான் வாங்கியது போர்ஷே 718 கேமன், செகண்ட் ஹேண்ட். இரண்டே சீட்டு, எஞ்சின் முதுகுக்குப் பின்னால், 1988 சிசி டர்போ, 300 குதிரைத்திறன். என் மச்சான் இன்றைக்கும் விடுவதில்லை. "மாப்ள, அந்தக் காசுக்கு நாலு நிட்டிங் மிஷின் எறக்கியிருந்தா வருசம் பூரா ஓடுமுங்க" என்பார். நிட்டிங் மிஷின் வருசம் பூரா ஓடுகிற லட்சணத்தை நூல் விலை ஏறின காலத்தில் நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். மிஷின் வாங்கி நிறுத்தி வைத்தால் முதலீடு, கார் வாங்கி ஓட்டினால் ஊதாரித்தனம் என்ற கணக்கு எனக்கு விளங்கியதே இல்லை.

பஞ்சாலைக்கும் ரேஸ் காருக்கும் நம் பக்கத்தில் பழைய உறவு உண்டு. கோவையில் மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003இல் செட்டிப்பாளையத்தில் வந்ததுதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். இவ்வளவும் பக்கத்தில் இருக்கும்போது, ஆசைப்பட்டதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகப் போனால் டிராக் வந்துவிடும். சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் டிராக் இருக்கலாம். நமக்கு இந்த 2.1 கிலோமீட்டர் போதும்.

காகித வேலை

பெங்களூரு வண்டி. என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் 39 நம்பர் போட வேண்டும். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். இதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது வேறு. விற்றவர், "கம்மி கிலோமீட்டர் சார், பேஸ்மென்ட்லயேதான் நின்னுது" என்று பெருமையாகச் சொன்னார். விலையும் அதற்குத் தகுந்தாற்போல் ஏற்றினார். ஓடாத வண்டி புது வண்டி ஆகிவிடாது. டயரும், ரப்பர் ஹோஸும், பிரேக் ஆயிலும் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கிழடாவதில்லை. காலண்டரையும் பார்த்துத்தான் கிழடாகின்றன. கம்மி கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால், கடைசியாக எந்தத் தேதியில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே குறைந்துவிடும்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதன் குணமே அது. டாட் 4 என்று டப்பாவில் போட்டிருந்தால், புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்று அர்த்தம். அதே ஆயில் நான்கு சதவீதம்கூட வேண்டாம், அதற்கும் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் குடித்துவிட்டாலே, விதிப்படி 155 டிகிரி தாங்கினால் போதும். அதனால்தான் போர்ஷே கம்பெனி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அவிநாசி ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் கடைசி வரை தெரியாது. டிராக்கில் தெரிந்துவிடும். கரி ஸ்பீட்வேயில் நேர்பாதைகள் நீளமில்லை. ஒரு பிரேக் முடிந்து டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும் ஏறும். உள்ளே ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். டிஸ்க்குக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதெல்லாம் தெரிந்துதான் டிராக் போவதற்கு முன் ஆயில் மாற்றச் சொன்னேன். பட்டறையின் பெயர் வேண்டாம். ஏசி வெயிட்டிங் ஹால், கண்ணாடிக் கதவு, சுவரில் ரேஸ் கார் போட்டோ எல்லாம் உண்டு. வண்டி திரும்பி வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. முன்பக்க மூடியைத் தூக்கி ஆயில் டப்பாவைப் பார்த்தேன். தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. வேறு என்ன பார்க்கச் சொல்கிறீர்கள்?

அவர்கள் செய்தது இதுதான். சிரிஞ்சு விட்டு மேலே டப்பாவில் இருந்த பழைய ஆயிலை மட்டும் உறிஞ்சி எடுத்து, புது ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டார்கள். குழாயிலும் காலிப்பரிலும் இருந்ததெல்லாம் பழசு. கொதிக்கிற இடம் காலிப்பர். அங்கே ஒரு சொட்டுப் புது ஆயில் போகவில்லை.

டிராக்கில் முதல் சில ரவுண்டு பிரமாதம். அப்புறம் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியது. இந்த வண்டிக்கு அதுதான் வழக்கமோ என்னவோ, முதல் தடவை டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த ரவுண்டில் நேர்பாதை முடிவில் மிதித்தேன், பெடல் தரை வரைக்கும் போனது. மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. அதனால்தான் டயர் சுவரில் மெதுவாக மோதினேன். மெதுவாக என்றால் பம்பரும் அதன் பின்னாலிருந்த ரேடியேட்டர்களும் போகிற அளவுக்கு.

பக்கத்துப் பிட்டில் இருந்த ரேஸ் டீம் மெக்கானிக் தம்பி ஒருவர் வீலைக் கழற்றினார். இந்த வண்டியில் ஒவ்வொரு காலிப்பருக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று ஆயில் கழிக்கும் நிப்பிள் இரண்டு. நான்கு வீலுக்கு எட்டு. ஒவ்வொரு நிப்பிளின் தலையிலும் சின்ன ரப்பர் மூடி. அந்த மூடிக்கும் காலிப்பருக்கும் இடையில் பிரேக் தூசி கறுப்பாகக் கட்டிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயர்ந்து வந்தது. நிப்பிளின் அறுகோண விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "அண்ணா, இதுல ஸ்பேனரே படலீங்க" என்றார் அந்தத் தம்பி. ட்யூப் மாட்டித் திறந்தார். முதலில் குமிழி, அப்புறம் கருத்துப்போன ஆயில்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "டிராக்ல ஓட்டுவீங்கன்னு சொல்லவே இல்லீங்களே" என்றார். ரோட்டில் ஓட்டுகிறவன் என்றால் பழைய ஆயிலுக்குப் புது பில் போடலாமா? தவறு யாருடையது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

நம் பனியன் ஏற்றுமதித் தொழிலில் ஷிப்மென்ட் போவதற்கு முன் பையர் ஆள் வந்து, நாமே அடைத்து ஒட்டிய பெட்டியைக் கிழித்து, ஏக்யூஎல் 2.5 என்ற மாதிரிச் சோதனைக் கணக்கில் பீஸ் எடுத்துத் தையல் தையலாகப் பார்க்கிறார். பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டினால் விடுவாரா? பட்டறை பில்லும் ஒரு பேக்கிங் லிஸ்ட்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கம்பெனி டிரைவரிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஷிப்மென்ட் இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே போங்கள். ஆயிலை சீல் உடையாத டப்பாவாக நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். நான் இப்போது போடுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கும்போது 312 டிகிரி வரை கொதிக்காது. டாட் 5 என்று எண்ணைப் பார்த்து உயர்ந்த சரக்கு என நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான் ஆயில், இந்த வண்டிகளுக்கு ஆகாது. நான்கு வீலையும் கழற்றச் சொல்லுங்கள். எட்டு நிப்பிளிலும் தெளிந்த ட்யூப் மாட்டி, நிறம் மாறி வரும்வரை நின்று பாருங்கள். காலி டப்பாவையும் கழித்த ஆயிலையும் கேளுங்கள். கோபித்துக்கொள்கிற பட்டறையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஓட்டும்போது பெடல் ஒரு விரற்கடை கீழே போனாலும் அந்த ரவுண்டோடு வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுங்கள். கடைசி ரவுண்டை பிரேக் போடாமல் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போட வேண்டாம். கியரை பார்க்கில் போட்டு வீலுக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ்

டிராக்கில் அடிபட்டால் பம்பர் டு பம்பர் பாலிசி எல்லாம் பேச்சுக்குத்தான். எந்த பாலிசியையும் எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்கெல்லாம் கிடையாது என்று இருக்கும். அதே வரிசையில் சரக்கு ஏற்றக்கூடாது, சாம்பிள் ஏற்றலாம் என்றும் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு சலுகைதான். டிராக் செலவு முழுக்கக் கைக்காசு என்று முடிவு செய்துவிட்டே போங்கள்.

பாக்கி வேலைகள்

டயர்: பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு விடாதீர்கள். பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. என் வண்டியில் பட்டன் நிறைய இருந்தது, ரப்பர் காய்ந்து கிடந்தது. நான்கையும் மாற்றினேன். டிராக்கில் டயர் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும். உள்ளே வந்ததும் அளந்து கொஞ்சம் இறக்குவார்கள். இறக்கியதை ஆறிய பிறகு மறுபடி நிரப்பாமல் பல்லடம் ரோட்டில் ஏறாதீர்கள்.

வீல் போல்ட்: இந்த வண்டிக்கு 160 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை நியூமேட்டிக் கன்னை நம்ப வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்து வீல் ஆறியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

ரேடியேட்டர்: இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க மாட்டீர்கள். கேமனுக்கு எஞ்சின் நடுவில் என்றாலும் ரேடியேட்டர் முன் பம்பரின் இரு பக்கமும் இருக்கிறது. நம் ஊரில் காற்றோடு பஞ்சும் பறக்கிறது. பம்பர் மாற்றக் கழற்றியபோது அந்தக் குழிக்குள் கையை விட்டேன். இலைச் சருகும் நிட்டிங் பஞ்சும் மண்ணும் சேர்ந்து அடையாக ஒட்டியிருந்தது. கைப்பிடி கைப்பிடியாக வந்தது. பெங்களூரு பேஸ்மென்ட்டில் இது சேர்ந்திருக்காது. கம்பெனிக்கு ஓட்டிப் போய் நிறுத்திய சில மாதத்தில் சேர்ந்தது. கம்பெனி கம்ப்ரஸர் காற்றை அளவாக வைத்து உள்ளிருந்து வெளியே அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஏசி ஃபில்டரையும் அதே கையோடு பாருங்கள்.

உடை: டிராக்கில் முழுக்கை, நூறு சதவீதப் பருத்தி. பாலியஸ்டரும் ஸ்பேண்டெக்ஸும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். ஏற்றுமதிக்கு 'ஸ்போர்ட்ஸ் வேர்' என்று நாம் தைத்து அனுப்புவதை நாமே அங்கே போட்டுக்கொண்டு போகக்கூடாது.

செய்ய மறுத்தவை

சத்தம் போடும் எக்ஸாஸ்ட், பவர் கூட்டும் ரீமேப், வண்டியைத் தரையில் உட்கார வைக்கும் சஸ்பென்ஷன். என்னோடு டிராக்குக்கு வரும் நண்பர்கள் மூன்றையும் முதல் மாதத்திலேயே போட்டார்கள். நான் போடவில்லை, கஞ்சன் என்றார்கள். கம்பெனி தயாரித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், பனியன் கம்பெனி வாசல் ஸ்பீடு பிரேக்கரைத் தாழ்ந்த வண்டி தாண்டட்டும், பார்க்கலாம். அவர்களில் ஒருவர் அடிப்பக்க பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு இரண்டு வாரம் இன்னோவாவில் வந்தார். 300 குதிரையே எனக்கு அதிகம்; அதை நிறுத்தத் தெரிந்த பிறகு 301ஆவது குதிரையைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, பட்டறையில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் நான் இப்போது கைப்பட எழுதும் வரியை நீங்களும் எழுதுங்கள்: "வீல் கழற்றும்போது போன் செய்யவும். நான் வந்து பார்க்காத வேலைக்குப் பணம் கிடையாது." எழுதியதும் சூப்பர்வைசர் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.