செல்லப் பெயரும் வளர்ந்த பெண்ணும்

வருகைப் பதிவேட்டில் ஸ்டெல்லா மேரி, வீட்டிலோ 'லல்லு'. பதிவேட்டில் புவனேசுவரி, வீட்டில் 'பப்பு'. ஆவடிப் பேருந்தில் தோழியர் நடுவே தாய் இப்பெயரைச் சொல்லி உரக்க அழைத்தால், கூச்சத்தால் தலைகுனியாத மாணவி உண்டோ?

இப்பெயர்கள் எவ்வாறு பிறக்கின்றன? ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் குழந்தை ஓரசையையே திரும்பத் திரும்ப ஒலிக்கத் தொடங்குகிறது. இதழிரண்டும் கூடப் பிறக்கும் ப, ம ஆகியவை அதற்கு எளியவை. அம்மழலையையே நாம் பெயராக்கி மகிழ்கிறோம். 'சலசல' என்னும் இரட்டைக்கிளவியைப் போல, இவற்றைப் பிரித்தால் பொருள் இராது. அன்பு மட்டுமே இருக்கும்.

அப்படியானால் இவை சிறுவர்க்கே உரியவையா? மாமா, தாத்தா என்பனவும் மழலை ஒலிகளே. ஆயினும் பெரியோரைக் குறிக்கின்றன. 'பாப்பரசர்' என்பதன் முற்பகுதியும், கிரேக்கக் குழந்தைகள் தந்தையை அழைத்த 'பாப்பாஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்ததே.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1931-இல் பிறந்த தனலட்சுமி, சிறுவயதில் பெற்ற பெயர் 'பாப்பா'. பொன்மலைத் தொழிலாளரிடையே வளர்ந்து, சிறை சென்று, 1989-இல் திருவெறும்பூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். 2010-இல் மறையும்வரை 'பாப்பா உமாநாத்' என்றே மதிக்கப்பெற்றார்.

எனவே குறை ஒலியில் இல்லை. வளர்ந்தவளைச் சிறுபிள்ளையாகவே நடத்த அதைப் பயன்படுத்துவதே குறை. பெற்றோரே, வீட்டில் செல்லமாக அழையுங்கள். பிறர் முன்னிலையில் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். மாணவியரே, பெயர் நம்மை உயர்த்துவதில்லை. நாமே பெயரை உயர்த்துகிறோம்.