கணிப்பொறி நம் மனத்தை அறியுமா?



ஐப்பசி மாதம். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையின் அருகே நிற்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். கிழக்கே கருமேகம் திரண்டு வருகிறது. கரிசல் காட்டில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் சம்சாரி ஒருவர், கண்களைச் சுருக்கிப் புருவத்தை நெரித்து அண்ணாந்து பார்க்கிறார். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலாளி ஒருவரும் அதே மேகத்தை அப்படியே பார்க்கிறார். ஈரம் மிகுந்தால் தீக்குச்சி காயாது, வேலை தடைப்படும். முகங்கள் இரண்டும் ஒன்றுபோல் உள்ளன. ஆனால் ஒருவர் நெஞ்சில் நம்பிக்கை. மற்றவர் நெஞ்சில் கவலை.

இவ்விரு முகங்களையும் படம் பிடித்துக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அது என்ன விடை தரும்?

முகத்தை அளக்கும் முறை

அமெரிக்க உளவியலாளர்களான பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் ஆகிய இருவரும் முகத்தசைகளின் அசைவுகளுக்கு எண்களிட்டு, 1978-இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டனர். 1997-இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர் ரோசலிண்ட் பிகார்ட், கணிப்பொறி மனித உணர்ச்சிகளை அறிய வேண்டுமென விளக்கி ஒரு நூல் எழுதினார்.

கணிப்பொறி இதை எப்படிச் செய்கிறது? மனிதர்கள் 'மகிழ்ச்சி', 'கோபம்' எனப் பெயரிட்ட ஆயிரக்கணக்கான முகப் படங்கள் அதற்குத் தரப்படுகின்றன. புதிய முகம் வந்ததும் புருவம், கண், உதட்டோரம் ஆகியவற்றின் அமைப்பை அவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயரைச் சொல்கிறது. ஆகவே, அதன் விடையின் உண்மைப் பொருள் என்ன? 'இத்தகைய முகத்தைப் பார்த்தவர்கள் இப்படிப் பெயரிட்டார்கள்' என்பதே. அந்த முகத்துக்கு உரியவரின் உள்ளத்தை அது பார்க்கவில்லை.

அளவு வேறு, பொருள் வேறு

உணர்ச்சி வேகத்தில் உள்ளங்கை வியர்க்கிறது. அப்போது தோலின் மின்கடத்தும் திறன் கூடுகிறது. இதைக் கருவியால் சரியாக அளக்கலாம். பிகார்டின் இத்தகைய ஆய்வு, வலிப்பு நோயாளிகளுக்கு உதவும் கைப்பட்டை உருவாகவும் வழிசெய்தது. இது பெரும் பயன். ஆனால் வியர்வை தேர்வு அச்சத்தாலா, பரிசு பெறப்போகும் பரபரப்பாலா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

இதை நம் முன்னோரும் சிந்தித்தனர். தொல்காப்பியம், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு காரணங்களையும் கூறுகிறது. பிறரை எள்ளுவதாலும் நகை பிறக்கும். அறியாமையைக் கண்டும் பிறக்கும். சிரிப்பைக் கண்டால் போதாது. காரணத்தையும் கேட்க வேண்டும்.

வேறொரு வழி

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபீபி செங்கர்ஸ், 2005-இல் தம் கூட்டாளிகளுடன் ஒரு கருத்தை வெளியிட்டார். அதைச் 'சிந்திக்கத் தூண்டும் வடிவமைப்பு' எனலாம். கருவியை ஆக்குபவர் தாமறியாமலேயே தம் எண்ணங்களை அதற்குள் வைத்துவிடுகிறார்; அவற்றை ஆக்குபவரும் பயன்படுத்துபவரும் எண்ணிப் பார்க்க இடமிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வழியில் அவர் குழு அமைத்த கருவி 'அஃபெக்டர்'. அடுத்தடுத்த அறைகளில் பணிபுரிந்த இரு நண்பர்களின் காட்சியை அது ஒருவருக்கொருவர் திரையில் காட்டியது. 'உன் நண்பர் சோகமாக இருக்கிறார்' என்று அது சொல்லவில்லை. அந்த நண்பர்களே வகுத்த விதிகளின்படி, படத்தை மாற்றிக் காட்டியது. அதற்குப் பொருள் காண்பது நண்பரின் வேலை. இங்கே உணர்ச்சி அளந்து அனுப்பும் சரக்கன்று. இருவர் பழகும்போது உருவாவது.

உங்களுக்கு இதில் என்ன?

வகுப்பறையில் கேமரா ஒன்று உங்கள் முகத்தைப் பார்த்து, 'இவனுக்குப் பாடத்தில் கவனமில்லை' என்று எழுதிவிட்டால்? நீங்கள் கணக்கை ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம்! லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளை ஆராய்ந்து, முக அசைவை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல இயலாது என்று 2019-இல் அறிவித்தனர். 2022-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்குவதாக அறிவித்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, பள்ளிகளிலும் பணியிடங்களிலும் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரின் சம்மதத்துடன் அவர் முகத்தைப் படமெடுங்கள். பத்துப் பேரிடம் காட்டி, அவருடைய உணர்ச்சி என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு படமெடுத்த சூழ்நிலையைச் சொல்லி மீண்டும் கேளுங்கள். எத்தனை விடைகள் மாறின? இறுதியாக, அந்த நண்பரிடமே கேளுங்கள். மூன்று பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கணிப்பொறியிடம் எதைக் கேட்கலாம், மனிதரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.