யப்பானில் இளம் மிசனரி: யுவான் பெர்னாண்டஸ்

மாணவர்களே, யப்பானில் கிறிஸ்தவம் பரவியமை பற்றிய வினாவுக்குப் பலர் பிரான்சிஸ் சவேரியாரின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடுவர். 1549 ஆகஸ்ட் 15இல் அவருடன் ககோஷிமாவில் இறங்கிய யுவான் பெர்னாண்டஸையும் நினைவிற் கொள்ளுங்கள். ஸ்பானியரான இவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 23. இவர் குரு அல்லர், சகோதரர்.

சோறு, மரக்கறி, சில வேளை மீன் என்பனவே அங்கு உணவு. வளர்த்த விலங்குகளை அக்கால மக்கள் உண்ணவில்லை. உணவைவிட மொழியே பெருஞ் சிரமமாயிற்று. மக்கள் பேசுவது விளங்காமல் தாம் சிலைகள் போல் இருந்ததாகச் சவேரியார் கடிதத்தில் எழுதினார். பெர்னாண்டஸே விரைவாகக் கற்றார். யமகுச்சி வீதிகளில் சவேரியார் அருகில் நிற்க, யப்பானிய மொழியில் எழுதிய ஏட்டை இவர் உரக்க வாசிப்பார். ஒருநாள் ஒருவன் இவரது முகத்தில் துப்பினான். துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். அதைக் கண்ட ஒருவர் பின்னர் ஞானஸ்நானம் பெற்றதாக மிசனரிமாரின் குறிப்புகள் கூறும்.

பின்வரும் விடயத்தை விடையில் விரித்து எழுதுக. கடவுளைக் குறிக்க இவர்கள் முதலில் 'தைனிச்சி' என்றனர். அது ஒரு புத்தரின் பெயர்! இதுவும் பௌத்தத்தின் ஒரு பிரிவே என மக்கள் எண்ணினர். உண்மை தெரிந்ததும் 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மாறினர்.

சவேரியார் 1551இல் யப்பானை விட்டுச் சென்றார். பெர்னாண்டஸ் 1567இல் ஹிராடோவில் இறக்கும்வரை அங்கேயே தங்கினார்.