பிறை பார்க்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்

“ரமளான் வரட்டும், விட்டுவிடுகிறேன்” என்று குடிப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வதை நம் பகுதியில் கேட்கிறோம். நல்ல நிய்யத்துதான். ஆனால் பல வருடங்களாக அன்றாடம் அதிகம் குடித்த ஒருவர் முதல் ஸஹரோடு திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குடும்பத்தார் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மது நரம்புகளை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் கூடுதல் வேகத்தில் இயங்கப் பழகிவிடுகிறது. மதுவை நிறுத்தியதும் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு பேசுவார்கள், இடம் பொழுது தெரியாமல் குழம்புவார்கள். ஜின் பிடித்துவிட்டது என்று தாயத்துக்கு அலைய வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். முன்கூட்டியே சென்றால் மருத்துவர் மாத்திரை கொடுத்து, அதையும் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, பாதுகாப்பாக நிறுத்த வைப்பார். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்க மார்க்கத்தில் சலுகை உண்டு. சிகிச்சை நாட்களில் என்ன செய்வது என்று மருத்துவரிடமும் இமாமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களின் மாத்திரைப் பழக்கம் வேறு விதமானது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்ற உடம்பு வலிக்கும். யாரோ ஒரு மாத்திரை நீட்டுவார். டபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபினைப் போலவே மூளையில் வேலை செய்பவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. தமிழகத்தில் இவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வோரும் இருக்கிறார்கள். நோன்பு மாதம் முழுவதும் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பெருநாள் இரவு சேக்காளிகளோடு அதே அளவை எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். பிள்ளை திருந்திவிட்டான் என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கும் நாட்கள்தாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய நாட்கள்.

இவ்வளவும் தெரிந்தும் மறைக்கிறோம். பெண் கிடைக்காது, தங்கைக்கு வரன் வராது என்ற பயம். இன்னும் மோசம், “நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும்” என்ற யோசனை. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை நம் மகனுக்கு மருந்தல்ல.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி குடிநோயால் கணவரை இழந்தார். பெயர்பெற்ற தொழில் குடும்பம், மூடி மறைத்திருக்கலாம். அவரோ 1980-ல் டி.டி. ரங்கநாதன் என்ற கணவரின் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கிப் போதைக்குச் சிகிச்சை தர முன்வந்தார். அங்கே நோயாளியோடு மனைவிக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை தருகிறார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியிலும் முகாம் நடத்தினார்கள். ஊருக்குள்ளேயே, அக்கம்பக்கத்தார் அறியச் சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் சறுக்குவது இந்நோயில் சகஜம். சர்க்கரை ஏறினால் மறுபடி மருத்துவரிடம் போவதில்லையா? அதுபோலத்தான்.

ஷஅபான் மாதத்திலேயே தொடங்குங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. அழைப்பவர் தாயாராகவோ மனைவியாகவோ இருக்கலாம். குடிப்பவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.