பின்பக்கம் இறங்கிய மஸ்டாங்

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். 1968 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கிச் சரிசெய்து வருகிறேன். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கிக் கிடக்கிறது. புது ஷாக் அப்சார்பர் போட்டால் நிமிர்ந்துவிடும் என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றியும் ஒரு நூல்கூட ஏறவில்லை. ஏன்?
– வாசகர் ஒருவர்

பதில்: பழைய வண்டி வாங்கும் பலரும் முதலில் ஷாக்கைத்தான் மாற்றுகிறார்கள். நீங்கள் போட்ட ஷாக்கில் குறை இருக்க வாய்ப்பில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலையே கிடையாது.

ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெய் நிரம்பிய குழாய். உள்ளே ஒரு பிஸ்டன். வண்டி குலுங்கும்போது பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போவதால் ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்குகிறது. நின்ற வண்டியில் எண்ணெய் நகராது. சாதாரண ஷாக் எடையும் தாங்காது. காஸ் அடைத்த ஷாக் லேசாக மேலே தள்ளும். ஆனால் ஒன்றரை அங்குலத்துக்கு அது எந்த மூலைக்கு?

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. காற்றடித்து உயரத்தைக் கூட்டும் ஏர் ஷாக்குகள் 1970களில் அமெரிக்காவில் மிகப் பிரபலம். அவை உண்மையிலேயே பின்பக்கத்தைத் தூக்கும். ஆனால் ஸ்பிரிங் சுமக்க வேண்டிய பாரம், ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகட்டின் மேல் விழும். ஆட்டத்தைப் பிடிக்க மட்டுமே போட்ட தகடு அது; நாளடைவில் விரிசல் விடும். உங்கள் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரத்தைத் தீர்மானிப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய வளைந்த எஃகுப் பட்டைகள். நம் ஊர் அம்பாசிடரின் பின்பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். அச்சு அந்தக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து இறுக்குபவை யூ போல்ட்டுகள். அரை நூற்றாண்டுக்கு மேல் பாரம் சுமந்த எஃகு, வளைவை இழந்து தட்டையாகிவிடும். வளைவு போனால் உயரமும் போகும்.

ஆனாலும் அளக்காமல் ஸ்பிரிங் வாங்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளவெடுங்கள். பின்னால் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், அதற்குக் குறுக்கே எதிர்மூலையிலுள்ள முன் ஸ்பிரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். பட்டைகளில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மலிவு வழி என்று நீளமான ஷாக்கிளைக் காட்டுவார்கள். ஷாக்கிள் என்பது ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் ஊசலாடும் இணைப்பு. முன்முனை நகராமல் பின்முனையை மட்டும் ஓர் அங்குலம் இறக்கினால், நடுவில் இருக்கும் அச்சுக்குச் சுமார் பாதிதான் கிடைக்கும். ஒன்றரை அங்குலம் ஏற மூன்று அங்குலம் கூடுதல் ஷாக்கிள் வேண்டும். அவ்வளவு நீளம் போனால் வளைவுகளில் பின்பக்கம் பக்கவாட்டில் அசையும். அச்சும் சற்றே திரும்புவதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் கோணம் மாறி அதிர்வு வரலாம். சோர்ந்த ஸ்பிரிங்கோ அப்படியே இருக்கும்.

ஆகவே இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போடுங்கள், புது புஷ்களோடும் யூ போல்ட்டுகளோடும். அசல் உயரத்துக்கான ஸ்பிரிங்கையே கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் தூக்கலாக நிற்பது சிலருக்கு அழகு. ஆனால் மஸ்டாங்கின் சக்கர இடைவெளி 108 அங்குலம். அசல் உயரத்துக்கு மேல் பின்னால் ஓர் அங்குலம் தூக்கினால் வண்டி சுமார் அரை டிகிரி முன்னோக்கிக் குனியும். கேஸ்டர், அதாவது ஸ்டியரிங்கை நேராக நிற்க வைக்கும் முன்சக்கரச் சாய்வு, அதே அளவு குறையும். நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். ஹெட்லைட்டும் தரையைப் பார்க்கும்.

மாட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று: ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரம் தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை முழுக்க இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு மேலே தள்ளும். அளவு உயரமாகக் காட்டும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து, உயரமும் இறங்கிவிடும். போல்ட்டுகளை முதலில் லேசாக மாட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் நின்ற பிறகே இறுக்குங்கள். கீழே படுத்து வேலை செய்யும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும்.

சில நூறு மைல் ஓடியபின் புது ஸ்பிரிங் கொஞ்சம் அமரும். அப்போது யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, நான்கு மூலையையும் அளந்து, அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.