பரம்பரையும் பக்கவாதமும்

“எங்கள் வம்சத்திலேயே உள்ள நோய்; வருவது வந்தே தீரும்.” பக்கவாதம் பற்றிப் பேச்செடுத்தால், அன்னதான மண்டபத்தில் அன்பர்கள் பலர் இவ்வாறு கூறக் கேட்கிறேன். கூறுவதோடு நின்றால் கவலையில்லை. அந்த எண்ணத்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரையையே சிலர் நிறுத்திவிடுகின்றனர். ஆகவே, பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதைச் சற்று ஆராய்வோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. நம் மரபணுத் தொகுப்போ, நான்கே எழுத்துகளைக் கொண்டு சுமார் 300 கோடி எழுத்து நீளத்தில் எழுதப்பட்ட ஏடு போன்றது. ‘அறம்’ என்னும் சொல்லில் ஓர் எழுத்து மாறினால் ‘அரம்’ ஆகிவிடும். நன்னெறி போய் இரும்பைத் தேய்க்கும் கருவி வந்துவிடும். (பழைய வாத்தியார் புத்தி, பொறுத்தருள்க.) ஆனால், மரபணு ஏட்டில் பெரும்பாலான எழுத்து மாற்றங்கள் இப்படிப் பொருளைக் கெடுப்பதில்லை.

ஒரே மரபணுவின் பிழையால் வரும் பக்கவாதமும் உண்டு. ‘நாட்ச் 3’ என்னும் மரபணு பழுதுபட்டால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைகின்றன. ‘கடாசில்’ எனப்படும் இந்நோயின் காரணம் 1996இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் அப்பிழையைப் பெற இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நல்லவேளையாக, இது அரிய நோய்.

நம்மில் பெரும்பாலோர் நிலை வேறு. பக்கவாதம் கண்ட 110,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களைப் பிறருடையவற்றோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. நோயோடு தொடர்புடைய 89 இடங்கள் அதில் தெரியவந்தன. ஒவ்வொன்றின் வலிமையும் சிறிதே. அவற்றுள் சில இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. ‘பிட்எக்ஸ் 2’ மரபணுவின் அருகிலுள்ள மாற்றமோ இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. அதனால் இதயத்தில் உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்கிறது. அதாவது, பரம்பரை அபாயம் பல வேளைகளில் நாம் அளந்து பார்க்கக்கூடிய, மருந்தால் அடக்கக்கூடிய கொதிப்பின் வழியாகவே வருகிறது. மாத்திரையை நிறுத்துபவர் அந்த வழியைத் தாமே திறந்துவிடுகிறார்.

பிரிட்டனில் 306,473 பேரை ஆராய்ந்த முடிவு 2018இல் வெளிவந்தது. மரபணு அபாயம் மிகுந்த பிரிவினருக்கு, குறைந்த பிரிவினரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். புகைத்தல், உடற்பருமன், சீரற்ற உணவு, உடற்பயிற்சியின்மை ஆகியவை சேர்ந்தவர்களுக்கோ, நல்ல பழக்கமுடையோரைவிட 66 விழுக்காடு அதிகம்! மரபணு எத்தகையதாயினும் இந்த வேறுபாடு இருந்தது. அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் எண்களை அப்படியே நமக்குப் பொருத்த இயலாது, போக்கு கவனிக்கத்தக்கது.

தாய் தந்தையருக்குப் பக்கவாதம் வந்திருந்தால், எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இத்தகைய குடும்பத்தினர் அறிகுறிகளையும் அறிந்திருத்தல் நலம்: முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல். விபூதி பூசிப் படுக்க வைத்துவிட்டுக் காலைவரை காத்திருப்பது வேண்டாம். முதலில் 995ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.